பூட்டில்லாத இதழ்

கால்நடை மருத்துவர் சங்கத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் இதழக்கா. சங்கம் போடும் ஆய்விதழுக்குக் கட்டுரை வாங்குவது, அதைச் சரிபார்க்கிற மருத்துவர்களை நச்சரிப்பது, அச்சகத்தோடு சண்டை பிடிப்பது, உறை ஒட்டுவது எல்லாம் அவள் தலையில்தான். மாடிப்படிக்கு அடியில் அவள் அறை. நிமிர்ந்து வருகிறவர்களுக்குத் தலை இடிக்கும். "குனிஞ்சு வர்றவங்க கட்டுரையைத்தான் வாங்குவோம்" என்று சிரிப்பாள்.

அவள் தங்கைக்கு மலைமேல் ஒரு சின்ன கால்நடை மருந்தகத்தில் வேலை. ஆடு மாடுகளுக்கு டாக்டர். ஒருநாள் காலையிலேயே போன் வந்தது.

"அக்கா, ஆடு கொத்துக் கொத்தா சாவுது. உங்க பழைய இதழ்ல இதைப் பத்தி ஒரு கட்டுரை இருக்காம். திறந்தா காசு கேக்குது."

சங்க உறுப்பினர்களுக்குப் புது இதழ் மட்டும் தபாலில் போகும். இணையத்தில் பழைய இதழ்களைச் சந்தா கட்டும் நூலகங்கள் மட்டும்தான் திறக்க முடியும். இதழக்கா அலமாரியைக் குடைந்து அந்தக் கட்டுரையை எடுத்து, போனிலேயே வரிவரியாகப் படித்தாள். அதற்குள் பாதி மந்தை போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில், ஒரு மூலையில் குறிப்பெடுப்பதோடு சரி என்றிருந்தவள் எழுந்து நின்றாள். "நம்ம இதழை எல்லாருக்கும் திறந்துவிடணும். மருந்து எழுதி அதைப் பூட்டி வைக்கிறது என்ன நியாயம்?"

பொருளாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "நியாயம்தாம்மா. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நூலகம் கைவிட்டா எதை வச்சு நடத்துறது?"

"நம்ம உறுப்பினர்கள் இருக்காங்களே சார். அவங்க விட்டுடுவாங்களா?"

கைதட்டல் எழுந்தது. பழசு, புதுசு எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட்டார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ நன்றி சொல்லிக் கடிதங்கள் வந்தன. தங்கைக்கு ஒரே சந்தோஷம். "தொழுவத்துல நின்னுக்கிட்டே படிக்கிறேன்கா!" இதழக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒவ்வொரு நூலகமாக ஒதுங்கியது. சும்மா கிடைப்பதற்கு யார் காசு கட்டுவார்கள்? அவள் அசரவில்லை. உறுப்பினர்களை நம்பியிருந்தாள். ஆனால் இதழுக்காகத்தான் அவர்கள் சங்கத்திலேயே இருந்தார்கள் என்பது சந்தா கேட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. தங்கையும் உறுப்பினர்தான். அவள் பெயருக்கு நேரேயும் காலியாக இருந்தது.

"என்னடி, நீ இன்னும் கட்டலையே?"

"எதுக்குக்கா? அதான் சும்மாவே படிக்கலாமே."

"அப்போ வர்ற கட்டுரையைச் சரிபாத்து, திருத்திப் போடுறது யாரு?"

"அதான் நீ இருக்கியே!"

எந்தக் கள்ளமும் இல்லாமல் சொன்னாள்.  அந்தச் சந்தாவிலிருந்துதான் தன் சம்பளம் வருகிறது என்று கூடப்பிறந்தவளிடம் இதழக்கா எப்படிச் சொல்வாள்?

வருடம் முடிவதற்குள் சங்கம் இதழை ஒரு பெரிய பதிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. படிப்பது இலவசமாகவே இருக்குமாம். கட்டுரை எழுதுகிறவர்தான் கட்டணம் கட்ட வேண்டும். "படிக்கிறவன்கிட்ட வாங்கலைன்னா எழுதுறவன்கிட்ட வாங்கித்தானேம்மா ஆகணும்" என்றார் பொருளாளர். அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

கையிலிருந்த கட்டுரைகளை நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பதுதான் அவளுடைய கடைசி வேலை. அதில் ஒன்று தங்கை எழுதியது. செத்த ஆடுகளைப் பற்றி, அடுத்த மந்தையை எப்படிக் காப்பாற்றலாம் என்பது பற்றி. சரிபார்த்த மருத்துவர்கள் மூவருமே நல்ல கட்டுரை என்று எழுதியிருந்தார்கள். நிறுவனம் கேட்ட கட்டணம் தங்கையின் சம்பளத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. சலுகை கேட்டு இதழக்கா இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் ஒரே பதில், ஒரே வரி: இயலாது.

தங்கையிடம் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"சரி விடுக்கா" என்றாள் தங்கை. "மத்தவங்க எழுதுனதைப் படிச்சுக்கிறேன்."