பண்டசோழநல்லூருக்கு நான் ஓட்டிப் போன வாடகைக் கார்

பாஸ்போர்ட்டின்படி அந்த வருடம் நான் வெளிநாட்டுக்குச் சுற்றுலா போயிருந்தேன். போன ஊர் வில்லியனூர். பிறந்து வளர்ந்ததும் அங்கேதான்.

எழுபதுகளின் கடைசி அது. என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். பத்தொன்பது வயதில் அந்தச் சொல்தாவுக்கு வாழ்க்கைப்பட்டு பிரான்சுக்குப் போனேன். ஒன்பது வருடத்தில் அவருடைய குடியுரிமை எனக்கும் வந்துவிட்டது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நான் மட்டும் ஒரு மாதம் ஊருக்கு வந்தேன். விசாவில், வருகையின் நோக்கம் சுற்றுலா என்று போட்டிருந்தது. சுற்றிப் பார்க்காமல் திரும்பினால் அரசாங்கத்திடம் பொய் சொன்னது போலாகிவிடும் என்று தோன்றியது.

உண்மையில் எனக்கு அந்தப் பக்கத்தில் ஒன்றுமே தெரியாது. வில்லியனூரில் இருந்த பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்தது கோயில், பள்ளிக்கூடம், எங்கள் கடையின் பின்கட்டு. பாகூர் ஏழெட்டு மைல்தான். போனதில்லை. பொம்பளைப் பிள்ளைக்குப் பாகூரில் வேலை இல்லை என்பது வீட்டுச் சட்டம்.

அப்பாவுக்குக் கடைத்தெருவில் இரும்புக் கடை. அவர் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"ஒரு காரு வாடகைக்கு எடுக்கணும்பா. ஒரு அஞ்சு நாளு."

"எடுத்துக்கோ. டிரைவரு நல்லவன்தான்."

"டிரைவர் வேணாம். நானே ஓட்டிக்குவேன்."

அப்பா தராசை இறக்கிவிட்டு, ஆணி வாங்க வந்தவரைப் பார்த்தார். ஆணி வாங்க வந்தவர் என்னைப் பார்த்தார்.

"காரை எடுத்தாச்சின்னா, அந்த டிரைவரு இன்னா பண்ணுவான்?" என்றார் அப்பா.

பிரான்சில் நாங்கள் இருந்த ஊரில் காரை வாடகைக்கு எடுத்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைத் தருவார்கள். சாவியோடு ஓர் ஆளையும் தருவது வழக்கமில்லை.

கார்க்காரர் அப்பாவின் பழைய வாடிக்கை. அவரிடம் ஒரே ஒரு கறுப்பு அம்பாசிடர் இருந்தது. கல்யாணம், ஆஸ்பத்திரி, தேர்தல் எல்லாவற்றுக்கும் அதுதான். என்னுடைய சர்வதேச லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். போட்டோவில் நான் பொட்டு வைத்திருக்கவில்லை. குளிருக்குக் கழுத்தில் துணி சுற்றியிருந்தேன்.

"இது நீதானாம்மா?"

"நான்தான் மாமா."

"எளச்சிப் போய்க்கீற." லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "நீ ஓட்டு. ஆனா டிரைவரும் வருவான். காரு போற எடத்துக்கெல்லாம் அவன் போவான். அது அவனுக்கே பழக்கமாயிடுச்சி."

அப்படித்தான் டிரைவர் இல்லாமல் எடுத்த காரில் டிரைவரும் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினைந்து வருடமாக அந்தக் காரை வேறு யாரும் தொட்டதில்லையாம். முதல் நாள் காலையில் இடது பக்கக் கதவைத் திறந்து, எங்கே உட்காருவது என்று தெரியாதவர் போல உள்ளே பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். மடியில் இருந்தாலும் நான் கியர் மாற்றும்போதெல்லாம் அந்தக் கைகளும் லேசாக அசைந்தன.

பிரான்சில் சாலையின் வலது பக்கம் போகவேண்டும். ஐந்து வருடம் அப்படி ஓட்டிய கை. எதிரே வண்டி வந்தால் சரியாக ஒதுங்கிவிடுவேன். ஆள் அரவமில்லாத சாலையில்தான் கார் தானாக வலப்பக்கம் போகும்.

"லெப்ட்டும்மா," என்பார் டிரைவர். திட்டவும் மாட்டார், பதறவும் மாட்டார். வீராம்பட்டினம் போய்ச் சேருவதற்குள் ஒன்பது முறை சொன்னார். அங்கே கடற்கரையில் மீன் கூறுபோட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து காரைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி என்னை விட்டுவிட்டு டிரைவரிடம் கேட்டாள்: "ஏன்ணா, உனுக்குக் கண்ணு தெரியலியா?"

டிரைவர் கண் தெரியும் என்றார்.

இரண்டாம் நாள் பாகூருக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் புதுச்சேரி என்பது ஒரே துண்டு அல்ல. பத்து நிமிடம் ஓட்டினால் தமிழ்நாடு வரும், இன்னும் பத்து நிமிடத்தில் திரும்பவும் புதுச்சேரி வரும். சாராயம் கடத்துகிறார்களா என்று பார்க்க நடுவில் ஒரு மூங்கில் கம்பைப் போட்டு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். தெரிந்த முகம் என்று நேராக டிரைவர் உட்கார்ந்திருந்த பக்கம் வந்து குனிந்தார். ஸ்டீயரிங் அங்கே இல்லை.

"டேய், நீ ஏன்டா இங்க குந்தினு கீற?"

"நான் சும்மா வரேன் சார்."

"அப்போ ஓட்றது யாரு?"

"அவங்கதான்."

போலீஸ்காரர் சுற்றி வந்து என்னைப் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு ஸ்டெப்னியும் ஒரு தண்ணீர்ப் பானையும் இருந்தன. பானையை மோந்து பார்த்தார். தண்ணீர். ஒரு பெண் காரோட்டி வருவதற்குச் சாராயமும் காரணமில்லை என்றால் வேறு என்ன காரணம் என்று அவருக்குப் புரியவில்லை. கம்பைத் தூக்கிவிட்டார்.

பாகூர் ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன். ஏரி பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். கடையின் பின்கட்டிலிருந்து ஏழெட்டு மைலில் இவ்வளவு தண்ணீர் இத்தனை காலமாக இருந்திருக்கிறது. டிரைவர் இறங்கிப் போய், கழுவத் தேவையில்லாத சக்கரத்தைக் கழுவினார்.

மூன்றாம் நாள் மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பு வண்டிகளின் பின்னால் ஊர்ந்ததில் போயிற்று. நான்காம் நாள் எங்கே போகலாம் என்று டிரைவரையே கேட்டேன். வெகு நேரம் யோசித்தார்.

"பண்டசோழநல்லூர்ல எங்க வூடு கீது. ஆனா அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

போனோம். அறுவடை முடிந்திருந்தது. அவருடைய மனைவி களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். கார் வந்து நின்று, டிரைவர் இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியதைப் பார்த்ததும் அந்த அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சிய்யா உனுக்கு? ஒடம்பு சரியில்லியா? யாரு கொண்டாந்து வுட்டது?"

"ஒண்ணும் இல்லடி. நல்லாத்தான் கீறேன்."

அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அந்த அம்மாவை நம்பவைக்க அரை மணி ஆயிற்று. பிறகுதான் என் பக்கம் திரும்பினார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"உள்ள குந்துங்கக்கா," என்றேன்.

"இதுல நான் குந்தனதே இல்லம்மா."

பதினைந்து வருடமாக அவர் புருஷன் ஓட்டுகிற கார். கல்யாணப் பெண்கள், பிள்ளை பெறப் போகிறவர்கள், ஓட்டுக் கேட்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் பாகூர் ஏரி ஞாபகம் வந்தது. டிரைவர் உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் வலது பக்கக் கதவைத் திறந்து ஸ்டீயரிங் முன்னால் அந்த அம்மாவை உட்காரவைத்தேன். நான் இடது பக்கம் ஏறிக்கொண்டேன்.

"கஷ்டமா கண்ணு இது?"

"மொத நாளு நானும் அழுதேன். அப்பறம் ஒண்ணும் இல்ல."

காலுக்குக் கீழே கிளட்ச் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று காட்டினேன். கியரை நானே போட்டேன். கார் ஒரு குலுங்கு குலுங்கிப் புறப்பட்டது. களத்தில் இருபது அடி நேராகப் போனோம். அந்த அம்மா சிரிக்கவில்லை, கத்தவில்லை. கண்ணை இமைக்காமல் எதிரே பார்த்தார். எதிரே வைக்கோல் போர் இருந்தது. வந்துகொண்டே இருந்தது. கார் மெதுவாக அதற்குள் போய் நின்றது. இஞ்சின் தானாக அணைந்தது. உள்ளே இருட்டாகவும் நல்ல வாசனையாகவும் இருந்தது.

டிரைவர் சோற்றுக் கையோடு வந்து நின்றார். நாங்கள் இருவரும் பின்கதவு வழியாக இறங்கினோம். அவர் காரைப் பார்த்தார், போரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"லெப்ட்டுல ஒடிச்சிருக்கணும்," என்றார். போய்க் கை கழுவினார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் காரைத் திருப்பிக் கொடுத்தோம். எவ்வளவோ தட்டியும் முன்பக்கச் சல்லடைக்குள் வைக்கோல் மிச்சமிருந்தது. கார்க்காரர் ஒரு துரும்பை இழுத்து எடுத்தார்.

"இன்னாடா பண்ண?"

"நான் ஓட்டல," என்றார் டிரைவர்.

கார்க்காரர் என்னைப் பார்த்தார். நானும் ஓட்டவில்லை என்றேன். உண்மை அதுதான்.

"அப்போ யாரு?"

டிரைவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வூட்ல."

"வூட்ல இன்னாடா?"

"எங்க வூட்லதான் ஓட்டுச்சி."

கார்க்காரர் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். பெஞ்சில் போய் உட்கார்ந்து, எனக்கு ஒரு சோடா வாங்கிவரச் சொன்னார். பிறகு யோசித்து, இரண்டாக வாங்கிவரச் சொன்னார்.

பிரான்சுக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு டிரைவரின் மனைவி எங்கள் கடைக்கு வந்தார். டவுன் பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். எனக்காக ஒரு பை வேர்க்கடலை. அப்பா நாற்காலி போட்டார். உட்காரவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பஸ்ல டிரைவரு பக்கத்து சீட்ல குந்திக்கினு வந்தேன். வழியெல்லாம் அவரு காலையே பாத்துக்கினு வந்தேன்."

"ம்."

"மிதிக்கறதுக்கு மூணு கீதும்மா. நீ ரெண்டுதான் சொன்ன."