வரிசை எங்கே என்று கேட்டவர்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபோது, "எனக்கு எழுதவெல்லாம் வராது அண்ணி, சண்டை போடத்தான் வரும்" என்றேன். "அப்ப அதையே எழுது. உங்க அண்ணனுக்கும் அதுதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நானும் அவரும் போட்ட ஒரு சண்டையை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அண்ணன் பிறந்தது அந்தமானில், போர்ட் பிளேரின் மின்னி பே என்ற இடத்தில் நாங்கள் இருந்த சின்ன வீட்டில். அப்பா ராமநாதபுரத்துப் பக்கமிருந்து அரசு வேலை கிடைத்து வந்தவர். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுன்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். பள்ளி விடுமுறை வந்தால், மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்லும் இந்தியக் கரைக்குப் போக ஊரே அங்கே திரண்டு நிற்கும். எங்கள் வீட்டுக்கும் ஆட்கள் வருவார்கள், சும்மா வரமாட்டார்கள், பலாப்பழம், மீன் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். "பழத்தை எடுத்துக்கிட்டுப் போய் வரிசையில நில்லுங்க. பசிச்சா சாப்பிடலாம்" என்று அப்பா திருப்பி அனுப்புவார். மீனைப் பார்த்து அம்மாவுக்குத்தான் மனசு அடித்துக்கொள்ளும்.

அண்ணனுக்குச் சென்னையில் கணிதம் படிக்க இடம் கிடைத்தது. அப்பா அவரையும் வரிசைக்குத்தான் அனுப்பினார். அண்ணன் பொழுது விடிவதற்கு முன்பே போய் நின்றார். அவருக்கு முன்னால் நான்கே பேர் இருக்கும்போது டிக்கெட் தீர்ந்துவிட்டது. தீர்ந்தது என்று சொல்லிக் கவுன்டரை மூடியவர் வேறு யாருமில்லை, அப்பாதான். அடுத்த கப்பலில் போய்ச் சேர்வதற்குள் கல்லூரி திறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அண்ணனுக்கோ அதில் ஒரே பெருமை! "எங்கப்பா கவுன்டருக்கு உள்ள இருந்தாரு, நான் வெளிய நின்னேன்" என்று விடுதியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமைதான் பின்னால் அவரைப் படாத பாடு படுத்தியது.

படிப்பு முடிந்து மும்பையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். ஆக்சுவரி ஆவதற்கான தேர்வுகளைப் பதினோரு வருடம் எழுதினார். ஒரு தாளில் தேறினால் அடுத்த தாள் காத்திருக்கும். கல்யாணத்துக்கு முந்தின வாரம்கூட ஒரு தேர்வு. நம் உறவினர்கள் பலர் கடைசிவரை அவரை இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்றே நினைத்திருந்தார்கள், ஒரு பாலிசி போடச் சொல்லி அவரிடமே கேட்டவர்களும் உண்டு. யாருக்கு எப்போது என்ன நேரும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்வதுதான் அவர் வேலை. "அப்ப நான் எப்ப போவேன், சொல்லு" என்று சித்தப்பா ஒருமுறை வம்புக்கு இழுத்தார். "ஆயிரம் பேர்ல எத்தனை பேர்னு கேளுங்க சித்தப்பா, சொல்றேன். யாருன்னு கேக்காதீங்க" என்றார் அண்ணன். சித்தப்பாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

முப்பத்தெட்டாவது வயதில் அண்ணியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். டொராண்டோவில் ஆக்சுவரிக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பமாக அனுப்பினார். பாதிக்குப் பதிலே இல்லை. பதில் வந்தவற்றில் உள்ளூர் அனுபவம் இல்லை என்று இருந்தது. வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்? கடைசியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். பனியில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். "எத்தனை பெட்டி கீழ விழும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன் பாப்பா, யாரும் கேக்கமாட்டேங்கறாங்க" என்று போனில் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை பார்ப்பது, அதற்குள் தன் வேலை கிடைக்காவிட்டால் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். திரும்பி எங்கே போவது? மும்பையில் அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருடத் தேர்வும் பெட்டிகளுக்கு நடுவே முடிந்துபோகும் என்ற பயம் அவரைவிட எனக்கு அதிகமாக இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தன் துறையில் இருப்பவர், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், அவருக்கு எழுதி, அரைமணி நேரம் காபி குடித்தபடி விவரம் கேட்பார்கள். அதில் யாரும் கூச்சப்படுவதில்லை. அண்ணி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "தெரியாத ஆளைப் போய்ப் பார்த்து வேலையப் பத்திக் கேக்கறதுக்குப் பேரு சிபாரிசு. எங்கப்பாவுக்குப் பிறந்தவன் அதைச் செய்யமாட்டான்" என்று ஒரே பிடிவாதம். அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவரே தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, நாங்கள் ரீனா தீ என்று கூப்பிடுபவரை, இந்த மலரைப் படிக்கும் பலருக்கும் தெரியும். ஒரு சாயங்காலம் துணி எடுத்துக்கொண்டே அண்ணன் கதையை அவரிடம் சொன்னேன். "அரே, இத்னே தின் போலா க்யோன் நஹீ?" என்று சீறினார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவருக்குக் கோபம். அவர் மகள் மௌ டொராண்டோவில்தான் இருக்கிறாள், அதுவும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், ஆக்சுவரிகள் இருக்கும் பிரிவிலேயே! ரீனா தீ அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டார். நான் அண்ணனைக் கேட்காமலேயே அவர் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாளே அண்ணன் போன் செய்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"யாரைக் கேட்டு நம்பர் குடுத்த?"

"யாரைக் கேக்கணும்?"

"அப்பா பேரைக் கெடுத்துட்டியே பாப்பா."

எனக்கு வந்ததே கோபம்! "அப்பா பேரை நீ மட்டும் குத்தகைக்கு எடுத்திருக்கியாண்ணே? அவர் கவுன்டர்ல உக்காந்து நாள் பூரா என்ன பண்ணாரு? டிக்கெட் மட்டுமா குடுத்தாரு? எந்த ஃபாரம், எந்தக் கப்பல், வரிசை எங்க ஆரம்பிக்குதுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் தொண்டை வறளச் சொன்னாரு. முன்னால புகுந்து நிக்கறதுதான் தப்பு. வரிசை எங்கன்னு கேக்கறதும் தப்பா? நீ ஒரு வருஷமா தப்பான வரிசையில நின்னுக்கிட்டிருக்க. அதுவாச்சும் தெரியுதா உனக்கு?"

போனை வைத்துவிட்டார். ஒன்பது வாரம் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி பேசுவார், பின்னால் அவர் இருமுவது கேட்கும், போனை வாங்கமாட்டார். நானும் கேட்கமாட்டேன். நானும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தானே? ஆனால் போனை வைத்தபின் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

அந்த ஒன்பது வாரத்தில் நடந்ததைப் பிறகு அண்ணி சொன்னார். மூன்றாவது வாரம் அண்ணன் தாமாகவே மௌவைக் கூப்பிட்டிருக்கிறார். காபிக் கடையில் அவர் நீட்டிய விண்ணப்பத்தைப் பார்த்து அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாளாம். "அங்கிள், யே தோ சர்க்காரி ஃபாரம் ஹை!" இது அரசாங்க ஃபாரமாச்சே என்றாளாம். நான்கு பக்கம். முதல் பக்கம் முழுக்கத் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், மணமானவரா இல்லையா. கடைசியில், மேலே கண்டவை யாவும் உண்மை என்று உறுதிமொழி, இடம், நாள், கையொப்பம். தீவில் அரசு வேலைக்கு அப்பா எழுதச் சொல்லித்தந்த அதே அச்சு. மும்பையில் பென்ஷன் திட்டங்களுக்கு அவர் செய்த பெரிய வேலைகளெல்லாம் மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் கிடந்தன. "என்னால வேலை வாங்கித் தர முடியாது அங்கிள். ஆனா இதை மாத்தித் தர முடியும்" என்றாள் டாலிகஞ்சில் தமிழ் பழகிய மௌ. அவர் ஏற்கெனவே தேறிய தாள்களை அங்கேயும் ஏற்றுக்கொள்வார்கள், அந்த நாட்டுச் சட்டத் தாள் ஒன்று எழுதினால் போதும் என்பதையும் அவள்தான் சொன்னாள். இவரோ எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்!

காகிதம் ஒரே பக்கமானது. வேறொரு கம்பெனியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பழைய விவரம் எதுவும் கையில் இல்லாத ஆபத்தை எப்படிக் கணிப்பீர்கள் என்று அங்கே இருந்த அம்மையார் கேட்டாராம். அண்ணன் எங்கள் அம்மாவின் அரிசி டின்னைப் பற்றிச் சொன்னார். மெயின்லேண்ட் கப்பல் எத்தனை நாள் தாமதமாகும் என்று அம்மாவுக்கு யாரும் புள்ளிவிவரம் தரவில்லை. ஆனால் கப்பல் வராவிட்டால் அரிசியும் வராது, அதில் ஏறிப் போக வேண்டிய விருந்தாளியும் போகமாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அரிசி குறைகிற நாளில்தான் சாப்பிடும் வாய் கூடும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் உலை வைக்க முடியாது. அந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம்.

ஒன்பதாவது வாரம் போன் வந்தது. "வேலை கிடைச்சிருச்சு பாப்பா. பெட்டி தூக்கற வேலை இல்ல, என் வேலை. ரீனா தீகிட்டப் போய்ச் சொல்லு." நான் அழுதுகொண்டே, "ஒம்போது வாரம் பேசாம இருந்துட்டு ஆர்டர் வேற போடறியா" என்று கத்தினேன். அவரும் அழுதார் என்று அண்ணி சொல்கிறார். ஆனால் "நீ சொன்னது சரிதான்" என்று ஒரு வார்த்தை வரவேண்டுமே! வரவில்லை. அடுத்த பதினைந்து வருடமும் வரவில்லை. நான் விடாமல் எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்தக் கம்பெனியிலேயே உயர்ந்த பொறுப்புக்கு வந்தார், வீடு வாங்கினார், மகளைப் படிக்க வைத்தார். மனநிறைவான வாழ்க்கை. கோபம் உண்டு, கருமித்தனம் கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தீவுக்கு வந்தால் நேராக ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக்குப் போய் அப்பாவின் கவுன்டர் வரிசையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். சனிக்கிழமை காலைகளை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். புதிதாக வந்த யாருக்காவது விவரம் சொல்கிறார் என்று அண்ணி சொல்வார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உடம்புக்கு முடியாமல், இனிச் செய்வதற்கில்லை என்று அங்கே சொன்னபின், அண்ணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஆயிரத்துல அந்த ஒரு ஆள் நான்தான் போலிருக்கு பாப்பா" என்றார். ரத்தம் தேவைப்பட்டபோது நான் தயங்கினேன். "தயங்காத, எல்லார்கிட்டயும் கேளு" என்றார். கேட்டேன். துறைமுகத் தொழிலாளர்கள், ஆட்டோக்காரர்கள், தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று மருத்துவமனை வாசலில் ஆட்கள் நின்றார்கள். "பாரு, எவ்வளவு நீள வரிசை" என்று சிரித்தார். மருத்துவமனையில் சேர்த்த ஐந்தாம் நாள் காலையில், அண்ணியும் பறந்து வந்த மகளும் நானும் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போய்விட்டார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த சனிக்கிழமை சாயங்காலம், டொராண்டோவில் அப்போது காலை, அண்ணன் போன் அடித்தது. கோயம்புத்தூர்ப் பெண், டொராண்டோவுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறதாம். அவளும் ஆக்சுவரி.

"சார் இருக்காங்களா மேடம்? கொஞ்ச நாள் கழிச்சு ஒரு சனிக்கிழமை கூப்பிடச் சொன்னாங்க."

விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ" என்றாள். பிறகு கேட்டாள்.

"நீங்க... சாரோட தங்கச்சியா?"

"ஆமாம்மா. எப்படித் தெரியும்?"

"யாரையும் கூப்பிட்டுக் கேக்கக் கூச்சமா இருக்குன்னு சொன்னேன். முன்னால புகுந்து நிக்கறதுதான் தப்பு, வரிசை எங்கன்னு கேக்கறது தப்பில்லன்னாங்க. என் தங்கச்சி சொன்னதும்மா, அவ திட்டலைன்னா நான் இன்னும் பெட்டிதான் அடுக்கிக்கிட்டிருப்பேன்னாங்க. புதுசா வர்ற எல்லார்கிட்டயும் இதைத்தான் முதல்ல சொல்வாங்களாம்."

பாவி மனுஷன்! பதினைந்து வருடமாக ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார், என்னைத் தவிர. போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கி அன்றைக்கே மௌவுக்கு அனுப்பினேன். இந்த முறை அவளைக் கேட்டுக்கொண்டுதான் அனுப்பினேன். சென்ற மாதம் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது.

அண்ணனுக்கு ரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும், கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த டாலிகஞ்ச் அண்டை வீட்டாருக்கும், ரீனா தீக்கும், மௌவுக்கும், மெயின்லேண்டிலிருந்து வந்து நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. உங்களிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டதும் கொடுத்தீர்கள்.

அண்ணன் போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, நம்பரை மாற்றவில்லை. அந்த ஊர்க் கணக்கு வழக்கு எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்தவர் யார் என்று தெரியும். உங்கள் பிள்ளைகள் யாராவது புது ஊரில் எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்றால், கூப்பிடச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.

அவருடைய தங்கை,
டாலிகஞ்ச், போர்ட் பிளேர்