‘சரிம்மா’ என்றார்கள்

என் மகள் யாழினிக்கு ஏழு வயது. அண்ணப் பிளவோடு, அதாவது வாயின் மேற்புறம் பிளந்தபடி, பிறந்தவள். ஆபரேஷன் செய்தும் பேச்சு மூக்கால்தான் வருகிறது. எங்களுக்குப் புரியும், முன்பெல்லாம் வெளியில் அவளுக்காக நானே பேசிவிடுவேன்.

போன மாதம் களம்பூரில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு ஆரணி திரும்பினேன். தெருமுனையிலேயே எங்கள் பவர்லூம் சத்தம் கேட்டது. தறி ஓடினால் வீட்டில் எல்லாம் சரி என்றுதான் எங்கள் தெருவில் நினைப்போம். நிம்மதியாக உள்ளே நுழைந்தேன்.

சர்க்கரை நோயாளியான என் கணவர், தானாக ஓடிக்கொண்டிருந்த தறிக்குப் பக்கத்தில் மயங்கிக் கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. யாழினி அவர் கையைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யார்கிட்டயாவது சொல்லக் கூடாதாடி?” என்று கத்தினேன்.

“சொன்னம்மா. பக்கத்து வூட்டு அத்தைகிட்ட, கடைக்கார அண்ணன்கிட்ட. சரிம்மா, சரிம்மான்னாங்க. வருவாங்கன்னு பாத்துகினு இருக்கேன்.”

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டதாம். “இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா...” என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். எப்படியோ என் கணவர் பிழைத்துவிட்டார்.

இப்போது அவளுக்காக நான் பேசுவதில்லை. பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போகிறேன். தெருவில் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவிட்டேன்: “புரியலன்னா மறுபடியும் சொல்லச் சொல்லுங்க. சும்மா தலையாட்டாதீங்க. அவ நம்பிடுவா.”