நெற்றிக்காசு

என் மனைவி இறந்தபோது அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய்க் காசை மயானத்தில் வேலை செய்பவரிடம் கொடுத்திருக்க வேண்டும். வழக்கம் அதுதான். நான் கொடுக்கவில்லை. காசோடு கை சட்டைப்பைக்குள் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவளுக்குப் பிடித்த இசைத்தட்டைப் போட்டேன். முள் ஓரிடத்தில் நிற்காமல் தாவியது. இதற்கு எங்கள் பக்கம் ஒரு கைவைத்தியம் உண்டு. கல்யாண வீடுகளுக்கு வரும் மைக்செட்காரர்கள் முள் இருக்கும் கையின் தலையில் ஒரு காசை ஒட்டிவிடுவார்கள். கனத்தில் அது அடங்கிக் கிடக்கும். வீட்டில் வேறு காசா இல்லை? ஆனாலும் அந்தக் காசைத்தான் ஒட்டினேன். பாட்டு தடங்கல் இல்லாமல் ஓடியது. அவளே முள்ளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் தினமும் சாயங்காலம் அதே தட்டுதான்.

நாளாக ஆகப் பாடகியின் குரல் கம்மியது. வார்த்தைகளுக்கு அடியில் யாரோ மூச்சு வாங்குவதுபோல ஒரு கரகரப்பு. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நான் கேட்ட அதே மூச்சு. எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. பயமுறுத்திக்கொண்டாவது இருக்கட்டும், இருந்தால் போதும்.

கொட்டாம்பட்டியில் டீச்சராக இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்தாள். இரண்டு வரி கேட்டதும் முள் இருக்கும் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா, இம்புட்டுக் கனத்த வச்சிருக்கீங்க? முள்ளு தட்ட உழுதுக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல பாட்டே இருக்காது."

"அது உங்கம்மா நெத்திக்காசு," என்றேன்.

முள்ளைத் தட்டில் படாமல் ஓரமாக இறக்கி வைத்தாள். பிறகு, "அம்மா காச வச்சே அம்மா பாட்ட அழிக்கிறீங்களேப்பா," என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவள் காசைத் தொடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நானே பிய்த்து எடுத்தேன்.

கை திரும்பும் அச்சில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது. முள் தாவியது அதனால்தான். அவள் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். கையின் பின்பக்கம் இருக்கும் எடைக்குண்டை நான் திருகித் திருகி, கை அந்தரத்தில் நிற்கும்வரை கொண்டுவந்தேன். அப்புறம் முள் தட்டில் மெல்ல உட்காரும் அளவுக்கு மட்டும் கனம் ஏற்றினேன்.

பாட்டு ஓடியது. கரகரப்பு முழுக்கப் போகவில்லை, உழுதது உழுததுதான். மூன்றாவது வரியில் முள் மாட்டிக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. தூசி துடைக்கும்போது என் மனைவியின் வளையல் கீறிய இடம் அது. இத்தனை மாதமும் காசின் கனத்தில் முள் அதை மிதித்துத் தாண்டியிருக்கிறது. அவள் இருந்தவரை இந்த இடம் வந்தால் அடுக்களையிலிருந்து சத்தம் வரும்: "ஏங்க, அங்கேயே நிக்குது பாருங்க. தட்டிவிடுங்க."

நான் தட்டவில்லை. மகளும் தட்டவில்லை. இருவரும் அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அம்மா ஏம்ப்பா இன்னும் சத்தம் போடல?" என்றாள்.