மரியதாசன் சார் ஒப்புக்கொள்ளாத கடல்

மரியதாசன் சாரின் மகள் ஜெனிட்டா போன் செய்தபோது ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். கட்சால் தீவில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் அப்பாவைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். "டீச்சர், அப்பா போயிட்டார்" என்றாள். காற்று பலம், கப்பல் கிளம்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

மரியதாசன் சாரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்சால் பள்ளியில் அவர் அறிவியல், நான் பூகோளம். பூமி சூடாவதையும் பனி உருகுவதையும் அவர் போல விளக்க ஆளில்லை. அதே மனிதர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும், "இங்கே கடல் ஏறலை டீச்சர், தரைதான் இறங்குச்சு" என்பார்.

அதில் பாதி உண்மை என்பதுதான் தொல்லை. சுனாமி வந்த அன்று பூகம்பத்தில் தீவே தாழ்ந்தது. ஒரே காலையில் எல்லாம் போனதைக் கண்ணால் பார்த்தவருக்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் தண்ணீர் ஒரு பொருட்டாகவே படவில்லை. வர வேண்டியது வந்து முடிந்துவிட்டது என்றுதான் கட்சாலில் பலரும் நினைத்தார்கள்.

அன்று இறந்த மனைவி ரீத்தாவைக் கரையோரக் கல்லறைத் தோட்டத்தில் அவரே குழி வெட்டி அடக்கம் செய்தார். பக்கத்தில் தனக்கும் இடம் விட்டார். பிற்பாடு அமாவாசை, பௌர்ணமி ஏற்றங்களில் அலை தோட்டத்துக்குள் வர ஆரம்பித்தது. மற்றவர்கள் தங்கள் ஆட்களின் எலும்புகளை எடுத்து மேட்டுக்கு மாற்றினார்கள். சார் மட்டும் அசையவில்லை. ஏற்றம் வடிந்ததும் போய், சரிந்த கல்லை எடுத்து அடுக்கிவிட்டு வருவார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு பாடம், உங்களுக்கு ஒரு பாடமா என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"பாடம் சரிதான் டீச்சர். அதை ஒத்துக்கிட்டா, என் கையால புதைச்சவளை என் கையாலயே தோண்டி எடுக்கணும்."



சாயங்காலம் ஜெனிட்டா மறுபடி கூப்பிட்டாள். அம்மா பக்கத்தில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறுகிறதாம், இறைத்தும் நிற்கவில்லையாம், அத்தனையும் உப்பு. மேட்டில் வைக்கலாம் என்கிறாராம் ஃபாதர். "நீங்க சொல்லுங்க டீச்சர். உங்க பேச்சைத்தான் அப்பா கொஞ்சமாவது கேட்பார்."

இத்தனை வருட வாதத்தில் நான் ஜெயித்தது அப்போதுதான். பாழாய்ப்போன ஜெயம். "மேட்டிலேயே வைம்மா" என்றேன்.

ரீத்தா கீழே இருக்கிறாள், சார் மேலே இருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: இனி யாராவது என்னிடம் கடல் ஏறவில்லை என்று சாதித்தால், நான் வாதாடப் போவதில்லை. அந்தக் கரையில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன்.