பஞ்சை எரித்தது யார்

கல்யாணமான ஏழாவது மாதம் எனக்கு முதல் அடி விழுந்தது. இப்போதுகூட அப்படித்தான் எழுத வருகிறது, பாருங்கள். கூரையிலிருந்து பல்லி விழுந்தது என்பதுபோல. அடித்தவர் என் கணவர். இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் அப்போது டெக்சாஸில், சுகர் லேண்டில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். அவர் எண்ணெய் கம்பெனியில் எஞ்சினியர். நான் அவருடைய விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். படிக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. சாம்பார் ஆறியிருந்தால் அடி. அவருடைய அம்மா போன் பண்ணும்போது நான் குளித்துக்கொண்டிருந்தால் அடி. வெள்ளிக்கிழமை ஃப்ரீவேயில் டிராஃபிக் அதிகம், அதனால் வெள்ளிக்கிழமை வாயைத் திறக்கக் கூடாது. ஏழு வருஷத்தில் அவரைப் பற்றி ஒரு விஞ்ஞானமே வளர்த்து வைத்திருந்தேன். சூடான சாம்பாரோடு, வாயே திறக்காத வெள்ளிக்கிழமையிலும் அடி விழுந்தபோது, என் விஞ்ஞானத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள், "சும்மாதானே உட்கார்ந்திருக்க, எதாவது கம்ப்யூட்டர் கோர்ஸ் பண்ணு. கிரீன் கார்டு வந்ததும் வேலைக்கு அப்ளை பண்ணலாம்" என்றார். பக்கத்துக் கல்லூரிக்குப் போனேன். மகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பெல்லாம் நிரம்பிவிட்டது. அந்த நேரத்துக்கு இடம் இருந்தது ஒரே வகுப்பில். 'அறிவு என்பது என்ன: பாக்தாத்திலிருந்து ஐரோப்பா வரை'. சேர்ந்துவிட்டேன். வீட்டில் கம்ப்யூட்டர் என்று சொன்னேன்.

வகுப்பெடுத்தவள் என்னைவிடச் சின்னவள். மூன்று கல்லூரிகளுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பாடம் நடத்துபவள். எப்போதும் மூச்சு வாங்கியபடிதான் உள்ளே வருவாள். முதல் வாரம் ஒரு பாரசீக மருத்துவரின் கற்பனையைச் சொன்னாள். ஒரு மனிதன் திடீரென்று படைக்கப்பட்டு அந்தரத்தில் நிற்கிறான். கண் தெரியாது, காது கேட்காது, ஒரு விரல் இன்னொரு விரலைத் தொடாது. அப்போதும் 'நான் இருக்கிறேன்' என்று அவனுக்குத் தெரியுமா? தெரியும் என்பது மருத்துவரின் பதில். அறுநூறு வருஷம் கழித்து ஒரு பிரெஞ்சுக்காரர் இதற்குப் பக்கத்தில் வந்து நின்று பெயர் வாங்கிக்கொண்டார் என்றாள். பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமுடியைப் பிடித்து சமையலறை அலமாரிக் கதவில் என்னை மோதும்போது நான் போய் நிற்பது அந்த இடத்தில்தான். வலி எங்கோ கீழே கிடக்கும். நான் இருப்பேன்.

அடுத்த பாடத்தில் வந்தவர் பாக்தாத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர். கண்ணை நம்பலாமா என்று கேட்டவர். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. அப்படியானால் கண் சொன்ன மற்றதெல்லாம்? கேட்டுக் கேட்டு எதையுமே நம்ப முடியாமல் இரண்டு மாதம் நோயாளி மாதிரி ஆகிவிட்டாராம். அவர்மேல் எனக்கு உடனே பாசம் வந்துவிட்டது. என் வீட்டிலும் அதே கதைதான். அடித்த மறுநாள் காலை காபி கலந்து கொண்டுவந்து, "என்ன ஒரு மாதிரி இருக்க? நேத்து என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கலயே" என்பார். தோளில் கன்றிப்போன இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்ததா இல்லையா என்று நான் யோசிப்பேன்.

அந்த ஆசிரியர்தான் பஞ்சை நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தவர். நெருப்பு தொடுகிறது, பஞ்சு எரிகிறது. நாம் பார்ப்பது இந்த இரண்டை மட்டும்தான். இதனால் அது என்பதை யாரும் பார்த்ததில்லை. ஒன்றை அடுத்து ஒன்றைப் பார்த்துப் பார்த்து மனசுக்கு ஏற்பட்ட பழக்கம் அது. செய்தவர் என்று சொல்ல வேண்டுமானால், தெரிந்து, விரும்பிச் செய்திருக்க வேண்டும். நெருப்புக்கு ஏது விருப்பம்? செய்பவன் கடவுள் என்று அவர் முடித்தார். எனக்குக் கடவுள்வரை போகத் தேவைப்படவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள்வரை போனால் போதும். ஏழு வருஷமாக என் பேச்சை நெருப்பு என்றும் அவரைப் பஞ்சு என்றும் நினைத்து வந்திருக்கிறேன். எரியாமல் இருக்கப் பஞ்சால் முடியாது. அவரால் முடியும். மேனேஜர் எவ்வளவு திட்டினாலும் ஆபீசில் அவர் யாரையும் அடித்ததில்லை.

வகுப்பில் ஒரு மெக்கானிக் இருந்தான். "அப்படின்னா நான் எதை நம்பி என்ஜினைப் பிரிக்கிறது?" என்று சண்டைக்குப் போனான். அவன் கேட்டதைத்தான் கோர்டோபாவில் ஒரு நீதிபதி முன்பே கேட்டுவிட்டார் என்றாள் அவள். காரணத்தை இல்லை என்பவன் அறிவையே இல்லை என்கிறான் என்பது நீதிபதியின் கட்சி. வேடிக்கை என்னவென்றால், நீதிபதியின் மறுப்பு லத்தீனுக்குப் போனபோது, மறுக்கப்பட்டவரின் வாதமும் அதற்குள் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. பல நூற்றாண்டு கழித்து ஒரு ஸ்காட்லாந்துக்காரர், கடவுளை விட்டுவிட்டு, கிட்டத்தட்ட அதையே சொன்னார். அவர் காதுக்கு அது எட்டியதா, தானாகவே தோன்றியதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாள். பிறகு எங்களை இரண்டாகப் பிரிந்து உட்காரச் சொன்னாள். பாக்தாத் ஒரு பக்கம், கோர்டோபா ஒரு பக்கம்.

நான் நடுவிலேயே நின்றேன். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். என் பேச்சுக்கும் அவர் கைக்கும் நடுவில் எந்தக் கட்டாயமும் இல்லை என்று சொல்ல பாக்தாத் ஆசிரியர் வேண்டும். அவர் கைக்கும், போன மாதம் உடைந்த என் பல்லுக்கும் நடுவில் கட்டாயம் உண்டு என்று சொல்ல நீதிபதி வேண்டும். எந்த நாற்காலியில் உட்கார என்று தெரியாமல் அழுகை வந்துவிட்டது.

அந்தப் பல்லை, நம்மூர்க் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் தெருவில், காய்கறிக் கடையில் பார்த்த ஓர் ஆன்ட்டி, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே, "நீ வாய குடுத்திருப்ப. வாங்கிக் கட்டிக்கிட்ட. அவங்களுக்கு ஆபீஸ் டென்ஷன் இல்லியா?" என்றார். தமிழில் அடியை வாங்கலாம், கட்டிக்கொள்ளலாம், அது தானாக விழவும் செய்யும். அடித்த ஆள் வாக்கியத்துக்குள் தலைகாட்டவே வேண்டாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தேங்காயை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, இன்ஷூரன்ஸ் பேப்பரைத் தேடிக் கார் டிக்கியைத் திறந்தவர், என் பாடப் புத்தகத்தோடு மாடி ஏறி வந்தார். நிதானமாகத்தான் கேட்டார்.

"இது என்ன லாங்குவேஜ்மா? ஜாவாவா, சி பிளஸ் பிளஸ்ஸா?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தத் தடித்த அட்டை என் காதில் இறங்கியது. அடுத்து மூக்கில். கீழே விழுந்தவளை இடுப்பில் உதைத்தார். புத்தகத்தை வைத்தே முதுகில் மாறி மாறி அடித்தார். ரத்தம் வாய்க்குள் இறங்கியது. ஆறு வயது மகள் சோபாவுக்குப் பின்னால் இருந்தாள்.

"பொய் சொன்னதாலதான்டி அடிக்கறேன். நீதான் என்னை அடிக்க வெக்கற."

பொய் சொன்னது உண்மைதான். மூன்று மாதமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் தரையில் கிடந்தபடியே சொன்னேன்.

"நான் பொய் சொன்னேன். நீங்க அடிக்கறீங்க. ரெண்டும் வேற வேற."

அவர் குனிந்து என் இடது கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் போட்ட அலறலில் கீழ் வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்.

வந்த போலீஸ்காரரிடம் என் கணவர் அழகான ஆங்கிலத்தில் பேசினார். தரை ஈரம், வழுக்கிவிட்டது, இப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். போலீஸ்காரர் சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் அடி வாங்கிய பிறகு நான் அவளிடம் சொல்லும் வார்த்தை ஒன்றுதான். "அம்மாவுக்கு அடி விழுந்துடுச்சு, சரியாயிடும்." தமிழ் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

"இட் ஃபெல்," என்றாள்.

"மம்மி ஃபெல்?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். போலீஸ்காரர் எழுத ஆரம்பித்தார். என் கணவர் மூச்சை விட்டது எனக்குத் தெரிந்தது. இங்கே நான் வாயை மூடிக்கொண்டால் விசா இருக்கும், கிரீன் கார்டு வரும், மகளுக்கு அப்பா இருப்பார். திறந்தால் எதுவும் இருக்காது. இந்த ஊரில் எனக்கென்று ஒரு சாவிகூடக் கிடையாது. வாயிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னேன். நான் விழவில்லை. என் கணவர் என்னை அடித்தார். என் கணவர் என் கையை உடைத்தார்.

விலங்கு மாட்டும்போது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு போலீஸ்காரர் அவரைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகு மகள் சோபாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள்.

"வாட் டிட் யூ டூ, அம்மா?"

"நான் ஒண்ணும் பண்ணலடா. அப்பா அடிச்சார்."

"பட் யூ டோல்ட் எ லை," என்றாள், அவளுடைய அப்பாவின் அதே நிதானத்தோடு. அந்த வீட்டில் ஆறு வருஷமாக அவளுக்கு ஒரே பாடம்தான் நடந்திருந்தது. நடத்தியது அவர் மட்டும் இல்லை.