குசினிக்கு வரும் பழி

என் கணவரின் அண்ணன் புரொஸ்டேட் புற்றுநோயில் இறந்த எட்டாம் நாள், கப்பல்துறையில் அவருடைய வீட்டில் படையல் வைத்தோம். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைப்பது எங்கள் வழக்கம். கணவாய்ப் பொரியல், ஆட்டிறைச்சிப் பிரட்டல், எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த அப்பளம் என்று வாழையிலையில் இடம் போதவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் கீரையைக் கண்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போகிற மனுசன் அவர். படையலிலும் கீரை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பந்தி முடிந்தபோது நான் கிணற்றுக்குப் பின்பக்கம் குந்தியிருந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவ வந்த பெண்கள் என்னைக் கவனிக்கவில்லை.

"இதையெல்லாம் ஒவ்வொரு நாளும் தின்னக் குடுத்தா நோய் வருத்தம் வராம என்ன செய்யும்?" என்றார் ஒருவர்.

"ஒரு நாளாவது கொஞ்சம் கீரை ஆய்ஞ்சு குடுத்திருப்பாளோ அவள்?" என்றார் மற்றவர்.

அவள் என்றது இறந்தவரின் மனைவியை. சற்று முன்புதான் அவர் இவர்களுக்கு 'இன்னும் கொஞ்சம் போடட்டோ' என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறியிருந்தார். அந்த இறைச்சியை இவர்களும் விரலைச் சூப்பித்தான் சாப்பிட்டார்கள். எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. செத்த வீட்டில் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சட்டியைத் தேய்த்தேன்.

எங்கள் உப்புவெளி வீட்டுக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அண்ணனைப் பார்த்த டொக்டர், கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரும் சாத்தியம் கூடுதல், ஐம்பது தாண்டியவர்கள் இரத்தம் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று முன்பே சொல்லியிருந்தார். என் கணவர் தலையாட்டியதோடு சரி. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நான் அந்தக் கதையை எடுத்தேன். அவர் சேர்ட்டைக் கழற்றிக்கொண்டே பேரம் பேசினார்.

"இஞ்ச பாரப்பா, நீ என்ன தந்தாலும் சாப்பிடுறன். மறுபேச்சுப் பேசமாட்டன். அந்தக் கிளினிக் கதையை மட்டும் எடுக்காதை."

சோற்றுக்கும் இறைச்சிக்கும் இத்தனை வருடம் என்னோடு மல்லுக்கட்டிய மனுசன் அப்படிச் சொன்னதும் நான் மயங்கிப்போனேன். முதலில் சாப்பாட்டைத் திருத்துவோம், கிளினிக்குக்குப் பிறகு இழுத்துக்கொண்டு போவோம் என்று ஒத்துக்கொண்டேன். இப்படித்தான் அது தொடங்கியது.

நோயைத் தடுக்கும் உணவு என்று சொல்லிவிடுவது சுலபம். அதை ஆய்ந்து, அரைத்து, அவித்து எடுக்கிறவளுடைய முதுகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த களையோடு குசினிக்குள் நின்று தக்காளி அவித்துத் தோல் உரிப்பேன். தக்காளியைச் சமைத்தால்தான் அதன் சத்து உடம்பில் சேருமாம். பூசணி விதையைக் கழுவிக் காயவைத்து, வறுத்து, ஒவ்வொன்றாகக் கோது நீக்குவேன். காலையில் வல்லாரைக் கஞ்சி, பகலில் சிவப்பரிசிச் சோறும் முருங்கையிலையும், இரவில் குரக்கன் பிட்டு. சல்லியிலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரரிடம் சூடை மீன் வாங்கிப் பொரிக்காமல் மஞ்சள் போட்டு அவிப்பேன். அந்த வாசனையில் வீட்டுப் பூனையே முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வீடியோவில் தயிர் நல்லது என்றார்கள். அடுத்த வீடியோவில் பால், தயிர் எதுவும் கிட்டவும் வைக்காதே என்றார்கள். மட்டக்களப்பில் இருக்கும் மகள் போனில் மாதுளம்பழம் என்றாள், பக்கத்து வீட்டுக்காரி பாகற்காய்ச் சாறு என்றாள். எல்லாருக்கும் வாய் இருந்தது. கை எனக்கு மட்டும்தான் இருந்தது.

இவரோ சொன்ன சொல் தவறவில்லை. வைத்ததையெல்லாம் தின்றார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போகிற வருகிற இடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தார். துறைமுகத்தில் ஸ்டோரில் அவருக்கு வேலை. வாசல் காவலாளியிலிருந்து கூட வேலை செய்கிறவர்கள் வரை என் சமையல் குறிப்பு தெரியாத ஆள் இல்லை. ஒரு கல்யாண வீட்டில், என் சொந்தக்காரர் நிறைந்த பந்தியில் குரலை உயர்த்தி, "என்ட மனுசி ஒரு நேரம் தவறாமக் கீரை தாறா. எண்ணெய்ச் சாமான் எண்ட கதையே இல்லை. இதை விட ஒருத்தி ஒரு மனுசனைப் பாக்கேலாது," என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு குழம்பை நன்றாக இருக்கிறது என்று சொல்லாத வாய் அது.

ஒன்றை மட்டும் தொட மறுத்தார். வீடியோக்களில் தர்ப்பூசணி என்று சொல்லும் வத்தகைப்பழம் இதற்கு மிகவும் நல்லது என்று கேள்விப்பட்டு வெட்டி வைத்தேன். பிடிக்காது என்று தள்ளினார். முன்பு ஒரு முழுப் பழத்தைத் தனியாகத் தின்று முடிக்கிறவர். வாய் மரத்துப் போயிருக்கும் பாவம் என்று விட்டுவிட்டேன். பின்னேரப் பிளேன்டீயையும் தானாகவே நிறுத்தினார். சீனி வேண்டாம் என்று நிறுத்துகிறார் என எனக்குச் சந்தோஷம். இன்னொரு புதுமையும் நடந்தது. தான் உடுத்த சாரத்தைத் தானே தோய்க்கத் தொடங்கினார். 'கீரை குடுக்கக் குடுக்க மனுசன் திருந்தி வாறார்' என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் நான் பெருமையடித்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு சனிக்கிழமை காலை, இவர் முடிவெட்டப் போயிருந்த நேரம், கிண்ணியாவிலிருந்து இவருடைய வேலைக் கூட்டாளி வந்தார். கையில் தயிர்ச் சட்டியும் கருஞ்சீரகப் பொட்டலமும். தயிர் ஆகுமோ ஆகாதோ என்று தெரியாமல் வாங்கி வைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டே பகிடிவிட்டார்.

"அக்கா, நாங்க வருசத்துல ஒரு மாசம் நோன்பு புடிக்கிறம். உங்கட மனுசன் வருசம் முழுக்கப் புடிக்கிறாரே! கன்டீன்ல ஒரு சொட்டுத் தண்ணி வாயில வைக்கிறாரில்ல. கேட்டா, மனுசி தந்த கணக்கு அப்படி எண்டு சொல்றாரு."

"நான் தண்ணி குடிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லையே தம்பி."

"அப்படியா? தண்ணியே குடிக்காம இந்த மனுசன் எப்படித்தான் இத்தன தரம் கக்கூசுக்கு ஓடுறாரோ..." என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். மிச்சத் தேத்தண்ணியை அவசரமாகக் குடித்துவிட்டு எழும்பினார்.

அவர் போன பிறகு நான் குசினிக் கதவில் சாய்ந்து நின்றேன். வத்தகைப்பழம், பிளேன்டீ, சாரம். பேரப்பிள்ளையைப் பார்க்க மட்டக்களப்புக்குப் போவோம் என்றால் பஸ் பயணம் ஏலாது என்று ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன சாட்டு. மூத்திரம் அடக்க முடியாமல் தவிக்கிற ஒரு மனுசனைத்தான் நான் திருந்திய மனுசன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு மட்டும் தெரியாமல் இருக்க அவர் தாகத்தோடு திரிந்திருக்கிறார்.

முடிவெட்டிக்கொண்டு வந்தவரைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"குடியுங்கோ."

"தாகமில்லையப்பா."

"வெயிலுக்குள்ளால வந்தனீங்கள். குடியுங்கோ."

என் கையையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிடிபட்டது விளங்கிவிட்டது.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டேன்.

"அண்ணன் போறதுக்கு முதலே தொடங்கீட்டுது. போகோணும் மாதிரி இருக்கும், போனாச் சொட்டுச் சொட்டாத்தான் வரும். திரும்பி வந்து இருந்தா மறுபடி போகோணும்."

"அப்ப நான் தந்ததெல்லாத்தையும் ஏன் திண்டனீங்கள்? அதால சுகம் வரும் எண்டோ?"

"இல்லை," என்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் மிச்சத்தைச் சொன்னார். "அண்ணன்ட எட்டில கிணத்தடியில சனம் கதைச்சதை நானும் கேட்டனான். அண்ணி அழுது அழுது வைச்ச கீரையை அண்ணன் தள்ளிவிட்டது எனக்குத் தெரியும். அந்தச் சனத்துக்குத் தெரியாது. எனக்கும் அதுதான் எண்டா, நாளைக்கு உன்னைப் பாத்து ஒருத்தரும் அப்பிடி வாய் திறக்கக்கூடாது. அதுதான் எல்லாரிட்டையும் சொல்லி வைச்சனான்."

இதை அன்பு என்று சொல்வார்களாக இருக்கலாம். எனக்கு அவரைக் கதிரையோடு தூக்கி வெளியே எறிய வேண்டும் போல இருந்தது. செத்த பிறகு என் பெயர் கெடக்கூடாது என்று இத்தனை மாதம் பாகற்காய்ச் சாறு குடித்த மனுசன், சாகாமல் இருக்க ஒரு ஊசி குத்த விடவில்லை. நானும் என்ன குறைந்தவளா? நான் அவித்த தக்காளியில் பாதி அவருடைய உயிருக்காக, மற்றப் பாதி அந்தக் கிணற்றடி வாய்களுக்காக. அவர் சொல்வதற்கு முதலே அது எனக்குத் தெரியும். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "எனக்கு ஒருத்தற்ற நல்ல பேரும் வேண்டாம். திங்கட்கிழமை கிளினிக்குக்கு வாறீங்கள்," என்று மட்டும் சொல்ல முடிந்தது. பேரம் பேச அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

கிளினிக்கில் இருந்தது என் மகள் வயதுப் பெண் டொக்டர். நான் என்னென்ன கொடுக்கிறேன் என்று பெருமையோடு ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல சாப்பாடுதான் அம்மா. இருதயத்துக்கும் நல்லது, சீனி வருத்தத்துக்கும் நல்லது. விடாதீங்கோ. ஆனா இந்த நோய் இதால கட்டாயம் வராது எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. உள்ளுக்க என்ன நடக்குதெண்டு கீரை வந்து சொல்லாது. இரத்தம்தான் சொல்லும். அண்ணனுக்கு இருந்ததெண்டா இவர் எப்பவோ வந்திருக்கோணும்."

இரத்தத்தில் அந்த அளவு கூடித்தான் இருந்தது. கூடினால் புற்றுநோய்தான் என்றில்லை, வயதோடு வருகிற சாதாரண வீக்கத்தாலும் கூடலாம், ஸ்கானும் வேறு சோதனைகளும் பார்த்த பிறகுதான் எதையும் சொல்லலாம் என்றார். அந்த இடைப்பட்ட நாட்களில் நான் என்ன சமைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. வைத்தேன், தின்றார்.

ஸ்கானுக்குச் சலப்பை மூத்திரத்தால் நிறைந்திருக்க வேண்டுமாம். தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருங்கோ, பிறகு கூப்பிடுகிறோம் என்று தாதி சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி நடையில் மர வாங்கில் இருந்தோம். வெளியே நல்ல வெயில். போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அவர் அதைப் பார்த்தபடியே இருந்தார். "இவ்வளவு சனத்துக்கு முன்னால அடக்கேலாமப் போச்செண்டா?" என்றார் மெதுவாக. "போனாப் போகட்டும். மாத்துச் சாரம் பையில கிடக்கு," என்றேன். ஒரு மிடறு குடித்தார்.

அந்த நேரம் பார்த்து, கிணற்றடியில் கதைத்த பெண்களில் ஒருவர் மருந்துச் சீட்டோடு அந்த வழியால் வந்தார். எங்களைக் கண்டதும் நின்றார்.

"என்ன ரெண்டு பேரும் இந்தப் பக்கம்?"

இவர் உடனே நிமிர்ந்து இருந்தார். "ஒண்டுமில்லை, சும்மா ஒரு செக்கப். இவ எனக்குக் கீரை, தக்காளி, பூசணி விதை எண்டு ஒண்டும் குறை விடாமல்..."

எனக்கு மேலும் கேட்க ஏலவில்லை. நான் இடையில் புகுந்தேன். "இவருக்குச் சலம் போறது கஷ்டம் அக்கா. புரொஸ்டேட். அண்ணனுக்கு வந்ததோ எண்டு பாக்க வந்தனாங்கள்."

பக்கத்து வாங்கில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்தார்.

"ஐயோ! ஏன் பிள்ளை, நீ சாப்பாடு ஒழுங்காக் கவனிக்கிறேல்லையோ?"

வரும் வரும் என்று நான் பயந்து, இவரும் பயந்து, இத்தனை மாதம் இருவருமாக அணை கட்டித் தடுத்த கேள்வி அது. காதில் விழுந்தபோது எனக்குக் களைப்புத்தான் இருந்தது.

"ஓம் அக்கா, கவனிக்கேல்லை எண்டே வையுங்கோ," என்றேன். "எனக்கு ஆள் உயிரோட இருந்தாக் காணும்."

அந்தப் பெண் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். என் கணவர் போத்தலை வாயில் வைத்து, நிறுத்தாமல், அடிவரை குடித்தார்.